தாத்தாவின் யெஸ்டியை பெங்களூர் ரோட்டில் இறக்குவது எப்படி: ஆர்சி புக்கில் தொடங்கி கிக் வரை

வேலூரிலோ சேலத்திலோ வீட்டுக் கொல்லையில் கோணி போர்த்திக் கிடக்கும் பழைய ஜாவாவையோ யெஸ்டியையோ பெங்களூருக்குக் கொண்டுவந்து ஓட்ட ஆசைப்படுகிறவர்களுக்காக எழுதியது இது. மெக்கானிக் வேலையை எப்படியும் முடித்துவிடலாம். மாதக்கணக்கில் இழுப்பது காகித வேலைதான், அதிலும் வரிசை மாறினால் இழுப்பு இரட்டிப்பாகும். நிறையப் பேர் செய்கிற தவறு: ஆசையில் முதலில் வண்டியை லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். ஆர்சி (பதிவுச் சான்று) காலாவதியான வண்டிக்கு, வேறு மாநிலத்துக்கு மாற்றத் தேவையான என்ஓசி (ஆட்சேபணையின்மைச் சான்று) கிடைக்காது. ஆர்சியைப் புதுப்பிக்க ஊர் ஆர்டிஓவில் வண்டியை நேரில் காட்டச் சொல்வார்கள். வந்த வண்டி மறுபடி லாரி ஏறும்.

ஆகவே முதலில் காகிதம், அப்புறம் பிரேக், கடைசியில்தான் பெயின்ட்.

1. எந்த நம்பரில் ஓட்டப் போகிறீர்கள்?

மூன்று வழி இருக்கிறது. எது என்று முடிவு செய்யாமல் ஒரு ஃபார்ம்கூட நிரப்ப வேண்டாம்.

முதல் வழி, தமிழ்நாட்டுப் பதிவிலேயே விட்டுவிடுவது. வண்டி ஊரில் உறவினர் பெயரில் இருக்கும், பெங்களூருக்கு அவ்வப்போது வந்து போகும். சட்டப்படி வேறு மாநிலத்தில் தொடர்ந்து 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதுப் பதிவெண் வாங்கியாக வேண்டும். அதற்குள் திரும்பிவிடும் வண்டிக்கு இதுதான் சுலபமான வழி. பழைய நம்பரும் பிழைக்கும்.

இரண்டாவது, கர்நாடகப் பதிவுக்கு மாற்றுவது. இதில் ஒரு வலி உண்டு: மூன்றெழுத்தோடு தொடங்கும் அந்தப் பழைய நம்பர் போய்விடும், இன்றைய கே.ஏ. வரிசையில் புது நம்பர்தான் தருவார்கள். அந்த நம்பருக்காகவே வண்டியை வைத்திருக்கிறீர்கள் என்றால் முதல் வழிக்கே திரும்புங்கள்.

மூன்றாவது விண்டேஜ் பதிவு. 2021-இல் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, சேஸிஸிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு இது. புதுப் பதிவுக்குக் கட்டணம் ரூ. 20,000, பத்தாண்டு செல்லும். மறுபதிவுக்கு ரூ. 5,000. புதுப் பதிவு என்றால் நம்பரில் 'வி.ஏ.' எழுத்து வரும், ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்தப் பதிவில் வண்டியைத் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, விண்டேஜ் ரேலி, பெட்ரோல் நிரப்புவது, பராமரிப்பு என்று சில காரணங்களுக்கு மட்டுமே ரோட்டில் இறங்கலாம். ஞாயிற்றுக்கிழமை நந்தி மலைக்குப் போய் வரலாம் என்ற எண்ணம் இருந்தால் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

மைசூர் ஐடியல் ஜாவா தொழிற்சாலையில் 'யெஸ்டி' பெயர் வந்தது 1970-களில். யெஸ்டியின் ரோட்கிங் மாடல் வந்தது 1978 வாக்கில். ஆகவே 50 ஆண்டுக் கணக்கில் இன்று சேருவது ஜாவாக்களும் ஆரம்பகால யெஸ்டிகளும்தான். கீழே வருவதெல்லாம் இரண்டாவது வழிக்கானது.

2. புக்கையும் வண்டியையும் ஒத்துப் பாருங்கள்

ஆர்சி புக்கில் உள்ள சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர், தயாரிப்பு ஆண்டு, நிறம் நான்கையும் வண்டியோடு ஒப்பிடுங்கள். சேஸிஸ் நம்பர் ஒரு எழுத்து தவறினாலும் அங்கேயே நிறுத்துங்கள்.

பென்சில் பிரிண்ட் எடுப்பதை இப்போதே பழகிக்கொள்ளுங்கள், ஆர்டிஓவில் இரண்டு மூன்று முறையாவது கேட்பார்கள். நம்பர் பொறித்த இடத்தில் முப்பது வருஷ கிரீஸும் தூசியும் கட்டியாக உட்கார்ந்திருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் ஊறவைத்துத் துடையுங்கள், பழைய டூத் பிரஷ் போதும். எமரி பேப்பரைத் தொடவே வேண்டாம். தேய்த்த தடம் தெரிந்தால் நம்பரை மாற்ற முயன்றதாகச் சந்தேகம் வரும், ஃபாரன்சிக் சோதனை வரை போகும். இடம் காய்ந்ததும் மிருதுவான பென்சிலை எண்கள் மேல் படுக்கைவாட்டில் தேயுங்கள். அதன் மேல் அகலமான செல்லோ டேப்பை ஒட்டி, நகத்தால் அழுத்தி, ஒரே இழுப்பில் எடுத்து வெள்ளைத் தாளில் ஒட்டுங்கள். ஐந்தாறு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் நம்பர் ஒத்துவராத வண்டிகள் நிறைய. அந்தக் காலத்தில் எஞ்சின் போனால் வேறொன்றைத் தூக்கி மாட்டுவது சாதாரணம், புக்கில் ஏற்றியவர்கள் குறைவு. மாற்று எஞ்சினுக்கு பில் இருந்தால் ஆர்சியில் ஏற்ற வழியுண்டு. பில் இல்லையென்றால் ஆர்டிஓவில் நேரில் விசாரித்த பிறகே பணம் செலவழியுங்கள்.

புக்கின் கடைசிப் பக்கங்களில் வங்கிக் கடன் முத்திரை இருக்கிறதா பாருங்கள். 1980-களில் எடுத்த கடன் எப்போதோ அடைந்திருக்கும், முத்திரை மட்டும் நிற்கும். அதை நீக்க வங்கியின் கையெழுத்தோடு ஃபார்ம் 35 வேண்டும். வங்கி வேறொன்றோடு இணைந்திருந்தால் இன்றைய வங்கியின் கிளையில் கடிதம் வாங்க வேண்டும். பழைய கணக்கைத் தோண்டி எடுக்க அவர்களுக்கு நாளாகும் என்பதால் முதல் வாரமே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

3. பெயர் மாற்றம்

காகிதங்களை இப்போதே சேர்க்கத் தொடங்குங்கள், விண்ணப்பிப்பது அடுத்த கட்டத்தில் வரும் கணினிப் பதிவு முடிந்த பிறகுதான். உரிமையாளர் இறந்திருந்தால் ஃபார்ம் 31. இத்துடன் இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகள் எல்லோரிடமிருந்தும் 'ஆட்சேபணை இல்லை' என்று நோட்டரி கையெழுத்தோடு பத்திரம், அசல் ஆர்சி புக், உங்கள் முகவரி அடையாளச் சான்றுகள். மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. தாத்தா காலமாகி இருபது வருஷம் ஆன பிறகு போகிறவர்கள்தான் அதிகம், அதற்குத் தாமதக் கட்டணம் சேரும். கணினி காட்டும் தொகையைப் பார்த்த பிறகே செலவுக் கணக்குப் போடுங்கள்.

இதில் உண்மையான முட்டுக்கட்டை வாரிசுகள்தான். சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பாவின் கையெழுத்துக்கு இந்தியத் தூதரகச் சான்று கேட்பார்கள். அவர் பொங்கலுக்கு வரும்போது வாங்கிக்கொள்ளலாம் என்றால் பொங்கலிலிருந்தே நாள் எண்ணுங்கள்.

விலைக்கு வாங்குகிறீர்கள் என்றால் ஃபார்ம் 29 இரண்டு பிரதி, ஃபார்ம் 30. புக்கில் பெயர் உள்ளவரே நேரில் கையெழுத்திட வேண்டும். 'கையெழுத்துப் போட்ட ஃபார்ம் இருக்கு சார், தேதி மட்டும் நிரப்பிக்கலாம்' என்று மூன்றாவது ஆள் நீட்டினால், புக்கில் உள்ளவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். புக் இல்லாத வண்டி பாதி விலைக்குக் கிடைக்கும். அது உதிரி பாகத்துக்கான வண்டி, ஓட்டுவதற்கானது அல்ல.

4. கணினியில் ஏறியிருக்கிறதா?

எம்-பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள். 'விவரம் இல்லை' என்று வந்தால், பழைய பதிவேட்டிலிருந்து கணினிக்கு ஏற்றவில்லை என்று பொருள். என்ஓசி, பெயர் மாற்றம், புதுப்பித்தல் எல்லாமே கணினி வழிதான் என்பதால், இதை ஏற்றாமல் ஒரு அடியும் நகராது. ஆர்டிஓ பேச்சில் இதற்கு 'பேக்லாக் என்ட்ரி' என்று பெயர்.

பதிவு செய்த மூல ஆர்டிஓவில் மனு, அசல் புக், பென்சில் பிரிண்ட் கொடுக்க வேண்டும். அவர்கள் பழைய பேரேட்டைத் தேடி ஒப்பிட்டு ஏற்றுவார்கள். மாவட்டங்கள் பிரிந்ததில் பேரேடு வேறு அலுவலகத்துக்குப் போயிருக்கலாம், எங்கே இருக்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மொத்தப் பயணத்தில் கால அளவே சொல்ல முடியாத கட்டம் இது ஒன்றுதான். ஒரு வாரத்தில் முடிந்தவர்களும் உண்டு, மூன்று மாதம் நடந்தவர்களும் உண்டு. மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.

ஏற்றிய பிறகு எழுத்துப்பிழை இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். சேஸிஸ் நம்பரில் பூஜ்யத்துக்கு 'ஓ' விழுந்திருந்தால் பெங்களூரில் மாட்டிக்கொள்வீர்கள்.

5. ஊரிலேயே ஆர்சி புதுப்பித்தல்

சொந்த உபயோக வண்டிக்கு முதல் 15 ஆண்டுக்குப் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஃபார்ம் 25-இல் புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டு கடந்த இருசக்கர வண்டிக்கு இந்தக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் ரூ. 2,000 ஆக உயர்த்தினார்கள். விட்டுப்போன மாதங்களுக்குத் தாமதக் கட்டணமும் பசுமை வரியும் தனி.

ஆய்வாளர் முன் வண்டி தானாக ஓடி வந்து நிற்க வேண்டும். அதற்கு அழகு தேவையில்லை. இரண்டு பிரேக்கும் பிடிக்க வேண்டும், ஹெட்லைட், பிரேக் லைட், ஹாரன் வேலை செய்ய வேண்டும், டயரில் பட்டன் இருக்க வேண்டும், புக்கில் உள்ள நிறம் இருக்க வேண்டும். ஊர் மெக்கானிக்கிடம் இந்த அளவுக்கு மட்டும் செய்து வாங்குங்கள். நிறத்தை மாற்ற ஆசையிருந்தால் பின்னால் முறைப்படி ஆர்சியில் ஏற்றி மாற்றலாம்.

இன்சூரன்ஸ் இல்லாமல் எந்த வேலையும் நடக்காது. 150 முதல் 350 சிசி வரையுள்ள வண்டிக்கு 2022-இல் நிர்ணயித்த தேர்ட் பார்ட்டி கட்டணம் ஆண்டுக்கு ரூ. 1,366, அதன் மேல் ஜிஎஸ்டி. ஆன்லைன் தளங்கள் பலவற்றில் பழைய மூன்றெழுத்து நம்பரை ஏற்காது, ஆண்டுப் பட்டியலிலும் 1979 இருக்காது. புக் ஜெராக்ஸோடு பொதுத்துறை காப்பீட்டுக் கிளைக்கு நேரில் போவது நல்லது.

புகைச் சான்றில் பயப்பட ஒன்றுமில்லை. 2000 மார்ச்சுக்கு முன் தயாரான இருசக்கர வண்டிக்கு வரம்பு கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 9,000 பிபிஎம். ஒழுங்காக டியூன் செய்த டூ-ஸ்ட்ரோக் இதற்குள் நிற்கும். பத்து நிமிஷமாவது ஓட்டிச் சூடாக்கிய பிறகே சோதனைக்கு நிறுத்துங்கள், சைலன்சரில் தேங்கிய எண்ணெய் எரிந்து முடிய வேண்டும்.

'வண்டியெல்லாம் வேணாம் சார், புக்கை மட்டும் குடுங்க, முடிச்சுத் தர்றேன்' என்பவர் எல்லா ஆர்டிஓ வாசலிலும் நிற்பார். வண்டியைப் பார்க்காமல் போட்ட புதுப்பிப்பு பின்னால் கிளறப்பட்டால் பதிலுக்கு நிற்க வேண்டியது நீங்கள்தான்.

6. என்ஓசியும் பயணமும்

ஃபார்ம் 28-ஐ நிரப்பும்போது எந்த ஆர்டிஓவுக்கு என்பதைச் சரியாகப் போடுங்கள். 'பெங்களூர்' என்று ஒரே அலுவலகம் கிடையாது. கோரமங்களா 01, ராஜாஜிநகர் 02, இந்திராநகர் 03, யஷ்வந்த்பூர் 04, ஜெயநகர் 05, எலக்ட்ரானிக் சிட்டி 51, கே.ஆர். புரம் 53 என்று முகவரிக்கு முகவரி மாறும். தவறான அலுவலகத்துக்கு வாங்கிய என்ஓசியைத் திருத்த ஊருக்கே போக வேண்டும். வாடகை வீடு மாறப் போகிறீர்கள் என்றால், மாறிய பிறகு விண்ணப்பியுங்கள். வண்டி மீது வழக்கோ அபராதமோ நிலுவையில் இல்லை என்ற சரிபார்ப்பும் இதில் அடங்கும்.

வண்டியை ரயில் பார்சலிலோ லாரி பார்சலிலோ அனுப்பலாம். ரயில் என்றால் டேங்கில் ஒரு சொட்டுப் பெட்ரோல் இருக்கக் கூடாது, கோணி சுற்றிக் கட்டியிருக்க வேண்டும், ஆர்சி நகல், அடையாள அட்டை நகல் வேண்டும். எப்படி அனுப்பினாலும் கண்ணாடி, ஹெட்லைட் ரிம், டேங்க் மூடி, டூல் பாக்ஸ் மூடி இவற்றைக் கழற்றிப் பையில் எடுத்துக்கொள்ளுங்கள். டேங்க் மூடி வழியில் காணாமல் போனால் அசல் மூடிக்குக் கடை கடையாக அலைவீர்கள்.

ஓட்டியே வரலாம் என்று தோன்றும். காகிதம் எல்லாம் உயிரோடு இருந்தால் தாராளமாக. இல்லையென்றால் பதிவில்லாமல் ஓட்டியதற்கு ரூ. 5,000 வரை, இன்சூரன்ஸ் இல்லாததற்கு ரூ. 2,000 அபராதம். அதைவிடப் பெரிய விஷயம், யார் மீதாவது இடித்துவிட்டால் முழு இழப்பீடும் உங்கள் தலையில். ஓசூர் தாண்டி அத்திப்பள்ளியில் யாரும் பிடிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் கிளம்பாதீர்கள்.

7. பெங்களூர் ஆர்டிஓ

ஃபார்ம் 27 புதுப் பதிவெண்ணுக்கு, ஃபார்ம் 33 முகவரி மாற்றத்துக்கு. கூடவே என்ஓசி, அசல் ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று, பெங்களூர் முகவரிச் சான்று, பென்சில் பிரிண்ட். வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாமல் ஆதார் முகவரியும் கேட்பது உண்டு, ஆதாரை முன்பே மாற்றிவிடுங்கள்.

ஆயுள் வரியை வண்டியின் விலை, வயது இரண்டையும் வைத்துக் கணக்கிடுவார்கள். பழைய வண்டியின் அசல் விலைக்கு பில் இருந்தால் கொண்டு போங்கள், சில ஆயிரம் என்று அன்றைய விலை எழுதிய அந்தக் காகிதம் வரியைக் குறைக்கும். மறுபடி ஒரு நேரடி ஆய்வு இருக்கும். காலையிலேயே போய்விடுங்கள். கவுன்ட்டரில் கன்னடத்தில் நாலு வார்த்தை பேசினால் வேலை சுமுகமாக நடக்கும்.

நம்பர் வந்ததும் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட், இன்சூரன்ஸில் நம்பர் மாற்றம் இரண்டையும் அந்த வாரமே முடியுங்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தால் காகிதத்துக்கு மட்டும் நான்கு முதல் ஆறு மாதம் வைத்துக்கொள்ளுங்கள்.

8. இப்போது எஞ்சினைப் பிரிக்கலாம்

கடைக்காரரிடம் 'ஜாவா ஸ்பேர்' என்று மட்டும் கேட்காதீர்கள். 2018-இல் திரும்பி வந்த ஜாவாவும் 2022-இல் வந்த யெஸ்டியும் ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகள், ஒரு போல்ட்கூடப் பொருந்தாது. 'பழைய டூ-ஸ்ட்ரோக், இந்த ஆண்டு, இந்த மாடல்' என்று சொல்லி, கழற்றிய பாகத்தைக் கையோடு கொண்டு போங்கள். பெங்களூர் ஜே.சி. ரோடும் சிவாஜிநகர் குஜிரிக் கடைகளும் (பழைய சாமான் கடைகள்) ஒரு சனிக்கிழமையைத் தின்னும். கிடைக்காததற்கு மைசூர்.

பல வருஷம் நின்ற எஞ்சினை எடுத்த எடுப்பில் உதைக்காதீர்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துளை வழியே டீசலும் டூ-டி ஆயிலும் (டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான எண்ணெய்) கலந்து ஊற்றி மூன்று நாலு நாள் ஊற விடுங்கள். பிறகு கியரில் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் மெல்ல ஆட்டிப் பாருங்கள். பிஸ்டன் ஒட்டியிருக்கும்போது பலமாக உதைத்தால் கிக் கியரின் பல் உடையும். இந்த வண்டியில் கியர் லீவரும் கிக்கரும் ஒன்றே என்பதால் புதியவர்கள் இங்கே தடுமாறுவார்கள்: லீவரை எஞ்சின் பக்கம் அழுத்தி, மேலே திருப்பினால் கிக்கர், அது இறங்கி வந்தால் கியர்.

அடுத்தது கிராங்க் ஆயில் சீல், கிராங்க் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம். வெளியே தெரியாது, விலையும் அற்பம், ஆனால் பழைய டூ-ஸ்ட்ரோக்கின் பாதித் தலைவலி இதுதான். காய்ந்த ரப்பர் வழியே காற்று உள்ளே போனால் கலவை மெலிந்து, எஞ்சின் சூடேறி, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் வேகம் இறங்காமல் கத்தினால் இதைச் சந்தேகியுங்கள். கிளட்ச் பக்கத்துச் சீல் போயிருந்தால் கியர் ஆயிலையே உறிஞ்சி எரிக்கும். வெள்ளைப் புகை ஓயாமல் வரும், கியர் ஆயில் அளவு இறங்கிக்கொண்டே போகும். எஞ்சினைத் திறந்த கையோடு இரண்டு சீலையும் பேரிங்குகளையும் மாற்றிவிடுங்கள். சீலுக்காக மட்டும் மறுபடி பிரிப்பது வீண் கூலி.

பாயின்ட் (பிளக்கில் பொறி வரவைக்கும் தொடுமுனை) இடைவெளி 0.4 மில்லிமீட்டர், ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள். பல மெக்கானிக்குகள் சிகரெட் அட்டையை வைத்துச் சரிசெய்வார்கள், வண்டி ஓடத்தான் செய்யும். ஆனால் சூடானதும் நின்றுவிடுகிற வண்டியில் கண்டென்சரையும் இந்த இடைவெளியையும் பார்த்த பிறகே கார்புரேட்டரில் கை வையுங்கள்.

6 வோல்ட் விளக்கு மங்கல்தான், அதை 12 வோல்ட்டாக மாற்றும் கிட் கிடைக்கிறது. மாற்றினால் பழைய டைனமோவையும் ரெகுலேட்டரையும் துணியில் சுற்றிப் பெட்டியில் போட்டு வையுங்கள், மெக்கானிக் கடையில் விட்டுவிடாதீர்கள். அசல் பாகத்துக்கு வேறு ஒருவர் காத்துக்கொண்டிருப்பார்.

சைலன்சரில் கரி அடைத்திருந்தால் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைப்பார்கள். உள்ளே மட்டும் ஊற்றி, ஒரு முனையை அடைத்து நிறுத்துங்கள். அலுமினியத்தில் பட்டால் அரித்துவிடும், கையில் பட்டால் தோல் போகும். சத்தத்துக்காக உள்ளே இருக்கும் பாஃபிளை (சத்தத்தை அடக்கும் தடுப்பு) கழற்றி எறிவது ஒரு பெருமையாக நடக்கிறது. டூ-ஸ்ட்ரோக்கில் சைலன்சரின் அமைப்பே எஞ்சின் இழுவையோடு சேர்ந்தது, கழற்றினால் சத்தம் கூடும், இழுவை குறையும், அபராதமும் வரும்.

குரோம், பெயின்ட், சீட் இவை கடைசி. டேங்க்கை குரோமுக்குக் கொடுக்கும் முன் உள்ளே தண்ணீர் ஊற்றி ஒரு இரவு வையுங்கள். துரு தின்ற ஊசித்துளை இருந்தால் காலையில் வியர்த்திருக்கும். பாலிஷ் போட்ட பிறகு தெரிந்தால் கொடுத்த காசு போச்சு.

9. பெட்ரோல்

டேங்க்கிலேயே எண்ணெய் கலக்க வேண்டிய வண்டி இது. லிட்டருக்கு 40 மில்லி டூ-டி ஆயில். புதுப் பிஸ்டன் போட்ட முதல் 500 கிலோமீட்டருக்கு 50 மில்லி. பங்க்கில் முதலில் ஆயிலை ஊற்றி அதன் மேல் பெட்ரோல் விடச் சொல்லுங்கள், தானாகக் கலந்துவிடும். நண்பருக்கு ஓட்டக் கொடுத்தால் இதைச் சொல்லியே கொடுங்கள். வெறும் பெட்ரோல் போட்டு ஓட்டினால் கொஞ்ச தூரத்திலேயே பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் டியூப்பும் டேப் வாஷரும் அதில் ஊறி உப்பும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், டேங்க் அடியில் தண்ணீர் சேர்ந்து துருப்பிடிக்கும். எத்தனால் தாங்கும் டியூப்பாக மாற்றுங்கள், ஒரு வாரத்துக்கு வேண்டிய அளவே பெட்ரோல் போடுங்கள். வண்டியை நிறுத்தப் போகும்போது, வீடு வருவதற்குக் கொஞ்ச தூரம் முன்பே பெட்ரோல் டேப்பை மூடிவிடுங்கள். கார்புரேட்டரில் மிச்சம் இருப்பது எரிந்து, எஞ்சின் வாசலில் தானாக அணையட்டும்.